ஆலைச் சங்கு ஊதியபோது

ஸஃபி, 9 ஜனவரி 1994

அன்புத் தங்கை பதூலுக்கு,

ஸலாம். என் மூட்டுவலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். மூட்டுவலியும் அதன் பங்குக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் லர்பியின் இருமல் குறைந்ததா? உன் மகள் வஃபா எப்படி இருக்கிறாள்? பெல்ஜியத்துக் குளிர் உங்களை உயிரோடு விட்டுவைத்திருக்கிறதா?

உட்கார்ந்துகொண்டு படி. என் மகன் ஜவாதுக்குப் பெண் பார்த்தாயிற்று. நான் எங்கே பார்த்தேன், அவனே பார்த்துக்கொண்டான். எல்லாம் நம் மகளிர் மன்றத்தில்தான் நடந்தது. வியாழக்கிழமை என் தையல் வகுப்பில் ஒரு மெஷின் நின்றுபோனது. வந்து பார்க்கச் சொன்னேன். வந்தவன் மெஷினைப் பார்க்கவில்லை, அடுத்த மெஷினில் இருந்த நவாலைப் பார்த்தான். மறு வாரம் கூப்பிடாமலே வந்து, "அம்மா, இதுக்கு எண்ணெய் போடணும்" என்றான். அதற்கும் அடுத்த வாரம், "அம்மா, அந்த மெஷின் சத்தம் சரியில்லையே" என்றான். குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தையல் மெஷின் மேல் எங்கிருந்து வந்தது இத்தனை பாசம்? வகுப்பில் எல்லாரும் முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

போன வருடம் அவன் வடக்கே டாஞ்சியர் துறைமுகத்துக்கு ஓடிப்போய், ஸ்பெயினுக்குப் போகிற கள்ளப் படகுக்காகக் காத்துக் கிடந்ததும், நான் போய் அழுது புரண்டு இழுத்து வந்ததும் உனக்குத் தெரியும். தகப்பனும் இல்லாத ஒற்றைப் பிள்ளை. ஊர் திரும்பிய பிறகும் அவன் கண் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நவால் வந்த பிறகுதான் 'படகு' என்ற பேச்சே நின்றது. இந்தக் கல்யாணம் நடந்தால் என் பிள்ளை கரையில் இருப்பான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன் வஃபாவையே மருமகளாக எடுத்திருப்பேன். நீதான் கெடுத்தாய்! அவன் பிறந்தபோது நான் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தேன் என்று நாற்பது நாள் அவனுக்குப் பால் கொடுத்தாய். அவன் உனக்கும் பிள்ளையாகிவிட்டான், வஃபாவுக்குக் கூடப்பிறந்தவனாகிவிட்டான். ஒருத்தியின் பாலைக் குடித்த இரண்டு பேருக்கு யார் நிக்காஹ் எழுதுவார்கள்? அதனால்தான் வெளியே தேட வேண்டி வந்தது.

பெண் வீட்டுக்குச் சர்க்கரைக் கூம்பும் மருதாணியும் கொண்டுபோய்ப் பேச்சை முடித்துவிட்டோம். பிள்ளைகளுக்காக துஆ செய்.

உன் அக்கா
கல்தூம்


வெர்வியே, பெல்ஜியம், 30 ஜனவரி 1994

அன்பு கல்தூம் அக்காவுக்கு,

ஸலாம். லர்பியின் இருமல் அவர் போகிற இடத்துக்கெல்லாம் முன்னால் போய் அவர் வருவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மற்றபடி நாங்கள் சுகம். உன் மூட்டுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை வஃபாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லவேளை நீ பால் குடுத்தே, அந்த ஓடுகாலியை யாரு கட்டிக்குவா" என்கிறாள். ஆனால் அண்ணன் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று அன்றைக்கே பீரோவைத் திறந்துவிட்டாள்.

நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். அவன் எனக்கும் பிள்ளையல்லவா.

நவால் யார் மகள்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே. மன்றத்துப் பெண் என்றால் எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் காலத்தில் வகுப்புக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் கீழே குழந்தைகள் அறையில் என் பாயில்தானே கிடந்தன! நீ மாடியில் கத்தரிக்கோலோடு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாய், நான் கீழே மூக்கு துடைத்துக்கொண்டிருப்பேன். எந்த மூக்கு இப்போது நம் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

கல்யாணம் ஆகஸ்டில்தானே? எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக ஆகஸ்டில்தான் வைப்பார்கள். இப்போதே லீவு சொல்லிவைக்கிறேன்.

என்றும் உன்
பதூல்


ஸஃபி, 25 பிப்ரவரி 1994

அன்பு பதூலுக்கு,

ஸலாம். நோன்பு மாதம் என்பதால் பதிலுக்குத் தாமதமாகிவிட்டது. எல்லாரும் நலம். நீங்கள் நலமாக நோன்பு வைக்க இறைவன் தெம்பு தரட்டும்.

மன்றத்தில் ஒரே அமளி. வகுப்புகளை மதியத்துக்கு மாற்றிவிட்டோம், இல்லாவிட்டால் நோன்பு திறக்கிற ஹரீரா சூப்புக்கு யார் அடுப்பு மூட்டுவது? புது நிர்வாகி மாடி அறையைப் பையன்களின் கராத்தேக்குக் கொடுக்கப் போகிறாராம். "ஏன் சார், நாங்க ஊசியால குத்துறது போதாதா, காலாலயும் உதைக்கணுமா?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் இன்னும் முடிவு சொல்லவில்லை. கேக் வகுப்புக்காரிகள் அடுப்பை உடைத்துவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறார்கள். திங்கட்கிழமை எழுத்து வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள்.

என் வகுப்பு மொத்தமும் இப்போது நவாலின் கல்யாணக் கஃப்தான் அங்கியைத்தான் தைக்கிறது. நிறம் மாதுளம்பூ. பொத்தான் கட்டுவது ஒருத்தி, கரை பின்னுவது ஒருத்தி என்று பிரித்துக்கொண்டார்கள். நவால் பக்கத்தில் வந்தால் எல்லாரும் துணியை மடியில் ஒளிப்பார்கள்.

நிக்காஹை ஜூனிலேயே எழுதிவிடலாம் என்று இருக்கிறோம். ஆகஸ்டில் மண்டபமும் கிடைக்காது, சமையல்காரியும் கிடைக்க மாட்டாள். உனக்கு வீண் அலைச்சல் வேண்டாம், அடுத்த கோடையில் நிதானமாக வந்து மருமகளைப் பார்.

பெண்ணின் அம்மா பெயர் மஹ்ஜூபா, மீன் ஆலையில் வேலை. உனக்குத் தெரிந்திருக்காது. நீ பெல்ஜியம் போன பிறகு மன்றத்துக்கு வந்தவள்.

கல்தூம்


வெர்வியே, 17 மார்ச் 1994

அன்பு அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்துக்கள். நாங்கள் எல்லாரும் நலம். நீயும் ஜவாதும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

அக்கா, எனக்கு ஒரு மஹ்ஜூபாவைத் தெரியும். குயவர் மேட்டில் குடியிருந்தாள். இடது புருவத்தில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அவளும் மீன் ஆலைதான். எழுத்து வகுப்பில் இருக்கும்போது ஆலைச் சங்கு ஊதினால், மத்தி வந்துவிட்டது என்று பலகையையும் சாக்கட்டியையும் போட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஓடுவாள். பிந்திப் போனால் கங்காணி உள்ளே விடமாட்டான் அல்லவா. கைக்குழந்தையை என் பாயில் விட்டுவிட்டுத்தான் ஓடுவாள். சில நாள் இருட்டின பிறகுதான் வருவாள்.

நீ சொல்கிற மஹ்ஜூபா வேறு ஆளாக இருக்கலாம். அவளுக்குப் புருவத்தில் தழும்பு உண்டா என்று மட்டும் எழுது. நவால் எந்த வருடம் பிறந்தாள்?

ஜூன் வேண்டாம், அக்கா. ஆகஸ்ட் வரை பொறு. நான் இல்லாமல் ஒன்றும் எழுத வேண்டாம். காரணத்தைக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்கு முனைக்கடை ஹாஜியின் போனுக்கு அழைக்கிறேன். தயவுசெய்து வந்து நில்.

உன் பதூல்


ஸஃபி, 12 ஏப்ரல் 1994

பதூலுக்கு,

ஸலாம். இங்கே யாவரும் நலம்.

போனுக்கு வர முடியவில்லை, மூட்டுவலி. ஹாஜி ஆள் அனுப்பினார், நான் படுத்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். அந்தக் கடையில் நின்று பேசினால் ரொட்டி வாங்க வருகிறவன் எல்லாம் நம் வீட்டுக் கதையையும் சேர்த்து வாங்கிப் போவான்.

நீ என்ன போலீஸ் மாதிரி கேள்வி கேட்கிறாய்? எந்தத் தெரு, எந்த வருடம், எந்தப் புருவம்! பெல்ஜியத்துக்குப் போனதும் மீன் நாற்றம் ஆகாமல் போய்விட்டதா? நம் அம்மாவும் அதே ஆலையில் மத்தித் தலை கிள்ளித்தான் நமக்குச் சோறு போட்டாள். ஆலைக்காரி மகள் உன் அக்கா மகனுக்குக் குறைச்சலா?

போன வாரம் இங்கே இரண்டு வீட்டில் அழுகை. ஜவாதோடு டாஞ்சியரில் காத்துக் கிடந்த பையன்கள் இரண்டு பேர் படகு ஏறினார்கள். ஒருவனைக் கடல் திருப்பித் தந்தது, அடையாளம் தெரியாமல். ஜவாத் அந்த அடக்கத்துக்குப் போய் வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நவால் வந்து வாசலில் நின்றபடி, "இப்ப சாப்பிடுறியா, இல்ல நான் உள்ள வந்து ஊட்டணுமா? ஊரு பேசட்டும்" என்று சத்தம் போட்டாள். அதன் பிறகுதான் ரொட்டியைத் தொட்டான். நீ அங்கே சூடான அறையில் உட்கார்ந்து தேதியைத் தள்ளு என்கிறாய்.

இனி இந்தப் பெண்ணின் பூர்வீகத்தைக் கிண்டி எழுதாதே. வாழ்த்த மனம் இருந்தால் வாழ்த்து.

கல்தூம்


வெர்வியே, 24 ஏப்ரல் 1994

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உன் மூட்டுவலி குறையட்டும். அந்தப் பையன்களின் தாய்மாருக்கு இறைவன் பொறுமையைத் தரட்டும்.

தபாலில் போட நீ கொடுத்த உறைக்குள் ஜவாத் ஒரு போட்டோவைச் சொருகியிருந்தான், உனக்குத் தெரியுமா? பின்னால், 'சின்னம்மா, இவதான்' என்று எழுதியிருக்கிறான். நவால் சிரிக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா. புருவத்தில் அந்தத் தழும்பு. என் மஹ்ஜூபாதான்.

இனி மறைத்துப் பயன் இல்லை. அக்கா, நான் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறேன்.

1972 வசந்தம், மத்தி கொட்டிய பருவம். சங்கு ஊதியதும் மஹ்ஜூபா ஓடிவிடுவாள். குழந்தை பாட்டிலைத் துப்பும். அழுது அழுது குரல் போய், வாயை மட்டும் திறந்து மூடும். எனக்கு வஃபாவுக்குக் கொடுத்த பால் இருந்தது. அது அழுதால் என் மார்பு தானாகக் கசியும். என்ன செய்வேன்? எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு முறை இல்லை, பல முறை. மஹ்ஜூபா வரும்போது பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த உறவை ஊரறியச் சொல்லிவைக்க வேண்டும் என்பது தெரியாதவளா நான்? ஆனால் ஜவாதுக்குக் கொடுத்ததற்கே லர்பி, "என் மகளுக்கு ஊறுற பாலை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிறியா?" என்று தட்டை எறிந்தார். அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நீ மாடியில் வகுப்பில் இருந்தாய். யாரும் பார்க்கவில்லை. இன்று வரை எனக்கும் இறைவனுக்கும்தான் தெரியும்.

ஜவாத் குடித்த அதே பாலை நவாலும் குடித்திருக்கிறாள். அவர்கள் அண்ணன் தங்கை, அக்கா. எப்படி நிக்காஹ் எழுதுவது? நிறுத்து. நான் வருகிறேன், பழியை என் மேல் போடு. சீக்கிரம் பதில் எழுது.

உன் பதூல்


வெர்வியே, 19 மே 1994

அக்காவுக்கு,

ஸலாம். நலமா? இரண்டு நாளில் ஹஜ் பெருநாள். ஆடு வாங்கியாயிற்றா?

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஹாஜி கடைக்கு எத்தனையோ முறை அழைத்தேன். "இப்பதான் போனாங்க", "மன்றத்துல இருக்காங்க", "தூங்குறாங்க" என்கிறார். அவர் குரலே மாறிவிட்டது, நீ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

ஜவாதுக்கு நேரே எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தேன். 'மகனே' என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

கடிதம் கிடைக்கவில்லை என்றாவது எழுது. பயமாக இருக்கிறது.

பதூல்


ஸஃபி, 26 மே 1994

பதூலுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டும் கிடைத்தன.

பெரிய பள்ளிவாசல் ஆலிமிடம் போய்க் கேட்டேன். எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு இப்படி ஒரு சிக்கல் என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் சொன்னது இது: ஒரே ஒரு பெண் சொன்னால் அது சந்தேகம், விலகிக்கொள்வது நல்லது, ஆனால் அதை வைத்து யாரும் தடை போட மாட்டார்கள். இரண்டு பெண்கள் சொன்னால்தான் தடை. "ரெண்டாவது ஆள் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

நீ ஒருத்தி. அதுவும் இருபத்திரண்டு வருடம் கழித்து. அன்று அந்தப் பாயில் இரண்டு குழந்தைகள் கிடந்தன. எதை எடுத்து வைத்துக்கொண்டாயோ, யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வயதுப் பெண், பாதித் தூக்கத்தில் இருந்திருப்பாய். அந்த ஞாபகத்தை நம்பி என் பிள்ளையைக் கடலில் தள்ளச் சொல்கிறாயா?

ஜவாதுக்கு எழுதாதே. எழுதினால் அவன் ஒரு நிமிடம் கூட இந்த ஊரில் நிற்க மாட்டான். அடுத்த அடக்கம் என் வீட்டில்தான் நடக்கும். அப்போது உனக்குத் தூக்கம் வருமா?

ஜூன் 24, வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ் எழுதுகிறோம். நீ வராதே. என் கையைப் பிடித்துக் கேட்கிறேன், பதூல், வராதே. இதைப் படித்ததும் எரித்துவிடு.

கல்தூம்


வெர்வியே, 5 ஜூன் 1994

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உனக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். இரண்டு குழந்தைகள் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான், இரண்டு. இன்னொன்று ஆண் குழந்தை. அது பாட்டிலில் குடிக்கும், அழவே அழாது. அதனால் எனக்குக் குழப்பம் இல்லை.

ஆனால் அக்கா, இரண்டு குழந்தைகள் கிடந்தன என்று நான் உனக்கு எழுதவே இல்லையே.

நீ மாடியில் இருந்தாய் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். உனக்கு எப்படித் தெரியும்? அன்று கதவு சாத்தும் சத்தம் ஒன்று கேட்டது எனக்கு இப்போதுதான் நினைவு வருகிறது. காற்று என்று நினைத்துவிட்டேன். முதல் கடிதத்தில் பெண்ணின் அம்மா பெயரை நீ ஏன் எழுதவில்லை, அவள் பிறகு வந்தவள் என்று ஏன் பொய் சொன்னாய், ஏன் ஜூன், எல்லாம் இப்போது புரிகிறது.

நான் ஜவாதுக்கு எழுத மாட்டேன். மஹ்ஜூபாவுக்கும் எழுத மாட்டேன். வரவும் மாட்டேன். லர்பியிடம் மட்டும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். வெகுநேரம் இருமிவிட்டு, "பாவம் அந்தப் பசங்க" என்றார்.

ஒரு பெண் சொன்னால் போதாது என்கிறாய். அந்த ஒருத்தி நான், சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. இன்னொருத்தி யார் என்று நம் இருவருக்கும் தெரியும். அவள் சொன்னால் ஜவாத் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அவன் பிள்ளைதான், அக்கா. ஆனாலும் எழுதுகிறேன்.

உன் பதூல்


ஸஃபி, 10 ஜூலை 1994

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நலமா என்று கேட்கிறேன், என்னை நீ கேட்காதே.

நிக்காஹ் எழுத இரண்டு பெரியவர்கள் மஹ்ஜூபா வீட்டுக்கு வந்தார்கள். என் வகுப்பு முழுவதும் அடுத்த அறையில், கஃப்தானோடு, குலவையிட வாயைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூத்தவர் பேனாவைத் திறந்தபடி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "ரத்த உறவோ பால் உறவோ ஏதாவது குறுக்க இருக்கா?"

மஹ்ஜூபா சிரித்துவிட்டு, "என்ன குறுக்க இருக்கப் போவுது, டீ ஆறுது, சீக்கிரம் எழுதுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும், பதூல். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஜவாத் புதுச் செருப்பும் வெள்ளை உடையுமாக எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டத்தான் இருந்தேன். அவர்களுக்குப் பிறக்கப் போகிற பிள்ளை என் மடியில் கிடப்பது போலவும், அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொள்வது போலவும் ஒரு நினைப்பு வந்தது. "இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"கல்தூம் அக்கா, விளையாடாதே" என்றாள் மஹ்ஜூபா.

"ரெண்டு பேர் சாட்சி. ஒருத்தி என் தங்கச்சி, இதோ அவ கடிதம். இன்னொருத்தி நான். சாக்கட்டி எடுக்க மாடியிலேர்ந்து இறங்கி வந்தேன், அவ நவாலுக்குப் பால் குடுக்கிறதைக் கண்ணால பாத்தேன், கதவைச் சாத்திட்டுப் போனேன்."

பெரியவர் பேனாவை மூடிவிட்டார். மஹ்ஜூபா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் வர்றப்ப எல்லாம் அவ நல்லா தூங்கிட்டு இருப்பா. இவ்வளவு நல்லா தூங்க வைக்கிறாளேன்னு உன் தங்கச்சிக்கு எத்தனை நாள் துஆ செஞ்சிருக்கேன்" என்று சொல்லி அழுதாள்.

ஜவாத் புதுச் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பழைய ஷூவை மாட்டிக்கொண்டு போனான். நான் தெருவில் ஓடினேன். "உனக்கு எப்போ தெரியும்?" என்று மட்டும் கேட்டான். அவன் நவாலின் பெயரைச் சொன்ன அன்றே தெரியும் என்றேன். நீ மறந்துவிட்டாயா என்று பார்க்கத்தான் உனக்கு முதல் கடிதமே எழுதினேன் என்பதையும் சொன்னேன். நீ மறந்திருந்தால் நானும் மறந்துவிடலாம் என்று இருந்தேன். "அப்போ ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமே அம்மா. ஒரு சிரிப்போட முடிஞ்சிருக்கும்" என்றான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. டாஞ்சியர் பஸ்ஸில் ஏறியதை ஹாஜியின் மகன் பார்த்திருக்கிறான்.

நானும் டாஞ்சியருக்குப் போய்த் தேடிவிட்டு வந்தேன். இந்த முறை யாரும் அவனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

போன வியாழன் வகுப்பைத் திறக்கவே மனம் இல்லை, திறந்தேன். பாதிப் பேர் வரவில்லை. நவால் வந்தாள். எப்போதும் போல அதே மெஷினில் உட்கார்ந்தாள். எல்லாரும் போன பிறகு, "உங்களை மாமின்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். உங்க தங்கச்சி எனக்கு அம்மான்னா, இனிமே பெரியம்மாவா?" என்று கேட்டாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். அவள் தலையைத் தடவக் கையை நீட்டினேன், அவள் நகர்ந்துகொண்டாள்.

அவன் உயிரோடு இருந்தால் உன்னைத் தேடித்தான் வருவான். வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு? கதவைத் தட்டினால் எந்த நேரமானாலும் திற. எனக்கு எழுது. எது நடந்தாலும் எழுது.

கல்தூம்


வெர்வியே, 4 செப்டம்பர் 1994

அன்பு அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: ஜவாத் வந்துவிட்டான். உயிரோடு இருக்கிறான். இதோ, அடுத்த அறையில் தூங்குகிறான்.

நேற்று மதியம் கதவு தட்டியது. வஃபாதான் திறந்தாள். "அம்மா, யாரோ நிக்கிறாங்க" என்றாள், அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருக்கிறான். உதடெல்லாம் வெடித்து, கையில் ஒரு காயம் ஆறாமல் இருக்கிறது. கடலில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஸ்பெயினில் தக்காளித் தோட்டத்தில் வேலை பார்த்து, லாரிகளில் ஏறி இறங்கி வந்து சேர்ந்திருக்கிறான். லர்பி அவனுக்குத் தன் கையால் வெந்நீர் போட்டுக் கொடுத்தார்.

சோறு போட்டேன். தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டான். உன்னைப் பற்றிச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அக்கா. இப்போதைக்கு இருக்கட்டும். நீ அழுதபடி இருக்கிறாய் என்றபோது மட்டும் சாப்பிடுவதை நிறுத்தினான், பிறகு மறுபடி சாப்பிட்டான்.

தட்டை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். "சின்னம்மா, நவால் எப்படி இருக்கா? வகுப்புக்கு வர்றாளா? சாப்பிடுறாளா?" என்று கேட்டான். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"தங்கச்சிதானே சின்னம்மா. கேக்கலாம்ல?" என்றான்.

நவால் எப்படி இருக்கிறாள், அக்கா? உடனே எழுது. அவன் எழுந்ததும் தபால்காரர் வந்தாரா என்றுதான் கேட்பான்.

உன் பதூல்